மேஜைமேல் ஓடும் மின்சார ரயில்



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், அத்திபெலே என்னும் ஊர் இருக்கின்றது. நம்மவர் நாவில் அது அத்திப்பள்ளி. இன்னும் சிறிது தொலைவு சென்றால் ஜூஜூவாடி. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். தொழிற்சாலைகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூரில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று என்னுடையது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே கடைசலும் துளையிடுதலுமாகக் காலங்கழித்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கின்றேன். என் வீட்டு மாடியறையில், மூன்று மேஜைகளை ஒட்டியமைத்த பலகையின்மேல், ஒரு மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கின்றது. அந்த ரயிலைக் குறித்தே இன்று உங்களிடம் பேச விரும்புகின்றேன்.

"இது சிறுவர் விளையாட்டாயிற்றே, இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமோ?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். உண்மையை நோக்கினால், மின்சார ரயிலின் வரலாறே ஒரு விளையாட்டு வண்டியிலிருந்துதான் தொடங்குகின்றது. அமெரிக்க நாட்டில் வெர்மாண்ட் மாநிலத்தில் தாமஸ் டாவன்போர்ட் என்னும் கொல்லர் ஒருவர், 1830களில், மின்கலங்களின் ஆற்றலால் வட்டப் பாதையில் சுற்றிவரும் சிறு வண்டியொன்றைச் செய்து காட்டினார். மனிதரை ஏற்றிச் செல்லத்தக்க மின்சார ரயிலை வெர்னர் சீமென்ஸ் பெர்லின் பொருட்காட்சியில் ஓட்டிக் காட்டியது 1879ஆம் ஆண்டில். அதுவுங்கூட 300 மீட்டர் நீளமுள்ள சிறு வட்டப் பாதையில், மக்கள் பெஞ்சிகளில் அமர்ந்து மெல்லச் சுற்றிவந்த வேடிக்கை வண்டியே. நம் நாட்டில் மின்சார ரயில் முதன்முதல் ஓடியது 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. ஆகவே, சிறு வண்டி மூத்தது. பெரு வண்டி இளையது.

இச்சிறு வண்டிகள் கடைச்சரக்கான கதையும் சுவையானது. 1900ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கவன் என்பவர், கடை முகப்பில் பொருள்களை வைத்து ஓட்டி வாடிக்கைக்காரரைக் கவர்வதற்கென்று ஒரு மின்சார வண்டியைச் செய்தார். வந்தவர்கள் உள்ளிருந்த பொருளை விட்டுவிட்டு வண்டியை விலைகேட்டனராம். ஜெர்மனியில் மார்க்லின் நிறுவனமும், இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி தோற்றுவித்த நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. காலப்போக்கில் அளவுகளும் வரையறுக்கப்பட்டன. இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 87இல் ஒரு பங்கு என்னும் அளவு. அதற்கு எச்.ஓ. என்று பெயர். தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

87இல் ஒரு பங்கு என்பது என்ன என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். இன்று விரைவு ரயில்களை இழுத்துச் செல்லும் டபிள்யூ.ஏ.பி.-7 என்னும் மின்சார எஞ்சின் ஏறத்தாழ இருபதரை மீட்டர் நீளமுள்ளது. சிற்றுருவில் அது 24 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமையும். நம் வீட்டுச் சப்பாத்திக் குழவியைவிடச் சிறியது. ஆனால் எடையோ வேறு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87இல் ஒரு பங்காகக் குறைவதால், எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது. 123 டன் எஞ்சின் 187 கிராம் ஆகிவிடும். அவ்வளவு இலேசான வண்டி, தண்டவாளத்தில் பிடிப்பின்றிச் சக்கரம் வழுக்கி நிற்கும். அதனால்தான் சிற்றுருவம் செய்வோர் உள்ளே உலோகக் கட்டிகளை வைத்து எடை கூட்டுகின்றனர். நான்கு டிகிரி வளைவு என்று ரயில்வேயார் சொல்லும் வளைவின் ஆரம் 437 மீட்டர். அதைக் கணக்குப்படி மேஜையில் அமைக்க 5 மீட்டர் ஆரம் வேண்டும். என் மாடியறை அதற்குப் போதாது. அரை மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வண்டியைத் திருப்புகின்றேன். சிற்றுருவக் கலை எதை விடுவது, எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கும் கலையாகும்.

இனி மின்சாரத்தைப் பார்ப்போம். பெரிய எஞ்சின் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டு மின்சாரத்தை எடுத்து, உள்ளிருக்கும் மின்மாற்றியால் குறைத்து, மோட்டார்களுக்கு அளிக்கின்றது. மேஜை எஞ்சினுக்கு 12 வோல்ட்டு போதும். ஒரு தண்டவாளம் நேர்மின்முனை, மற்றது எதிர்மின்முனை. ஒரு பக்கத்துச் சக்கரம் மின்சாரத்தை வாங்க, மறுபக்கத்துச் சக்கரம் திருப்பிக் கொடுக்கின்றது. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். இம்முறையில் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால், இரண்டும் சேர்ந்து ஓடும்; சேர்ந்து நிற்கும். இக்குறையைத் தீர்க்க இக்காலத்தில் வேறொரு முறை வந்திருக்கின்றது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதனூடே எண்வடிவில் கட்டளைகளும் செல்லும். ஒவ்வோர் எஞ்சினுள்ளும் நகக்கண்ணளவு கருவி ஒன்று உண்டு. தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் அது ஏற்றுக்கொள்ளும்.

மின்சார எஞ்சினின் சிற்றுருவத்தில் தனிச்சுவை யாதெனில், மேற்கம்பிதான். நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ ஓட்டுபவனுக்குத் தண்டவாளம் ஒன்றே கவலை. மின்சார எஞ்சின் ஓட்டுபவனுக்கோ வானத்திலும் கவலை உண்டு. கம்பி தண்டவாளத்திற்கு நேர்மேலே ஒரே கோடாகச் செல்வதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணுவோம். இரயில் நிலையத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நேர்ப்பாதையில் அது ஒரு கம்பத்தில் 20 சென்டிமீட்டர் வலமாகவும், அடுத்த கம்பத்தில் 20 சென்டிமீட்டர் இடமாகவும் விலகி விலகிச் செல்லும். கம்பி ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டிருந்தால் எஞ்சினின் கூரையிலுள்ள பாண்டோகிராப்பின் மேற்பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். விலகிச் செல்வதால் பட்டை முழுவதும் சீராகத் தேய்கின்றது. மேஜைமேல் அந்த 20 சென்டிமீட்டர் இரண்டேகால் மில்லிமீட்டராகின்றது. அதையும் விடாது அமைக்கும்போதுதான், முப்பது ஆண்டுகள் அண்ணாந்து பார்த்தும் காணாத ஒன்றைக் கண்டவனானேன்.

இப்போது என் கதைக்கு வருகின்றேன். இத்துறையில் ஈடுபட்டோர் இருவகையினர். எஞ்சின்களைச் சேர்ப்பவர் ஒரு வகை. ஓட்டுபவர் மற்றொரு வகை. சேர்ப்பவர்க்கு எஞ்சின் புதிதாக, கீறலின்றி, வந்த அட்டைப் பெட்டியோடு இருக்கவேண்டும். ஓட்டுபவர்க்கு அது தேய்ந்தாலும் கவலையில்லை, ஓடவேண்டும். நான் நெடுங்காலம் முதல் வகையைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

1970களில் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, சென்ட்ரல் நிலையத்தின் அருகிலிருந்த மூர் மார்க்கெட்டில், பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில், ஜெர்மன் மின்சார எஞ்சின் ஒன்றின் சிற்றுருவத்தைக் கண்டேன். ஒரு மாதச் சிற்றுண்டிச் செலவைக் கொடுத்து வாங்கினேன். அந்த மூர் மார்க்கெட்டு 1985இல் தீக்கிரையாயிற்று; அதற்குள் நான் அத்திபெலேக்கு வந்துவிட்டேன். வேலை, திருமணம், மக்கள் என்று காலம் ஓடியது. எஞ்சினைத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பின்னர் வாங்கிய சிலவற்றையும் அவ்வாறே வைத்தேன். என் மக்கள் தொடக்கேட்டபோது, "உடைந்துவிடும்" என்று மறுத்தேன். அவர்கள் வளர்ந்து தத்தம் வழியே சென்றுவிட்டனர். அவர்கள் அதை ஓடக் கண்டதேயில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பேரன் பெட்டியைக் கண்டான். "தாத்தா, இது ஓடுமா?" என்றான். "ஓடாமலென்ன!" என்று பெருமையோடு தண்டவாளத்தில் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினேன். எஞ்சின் அசையவில்லை. வோல்ட்டைக் கூட்டினேன். சிறு முனகல் கேட்டது; பின்னர்ப் புகை வந்தது. மின்சார எஞ்சினில் புகை வந்ததைக் கண்டு பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திறந்து பார்த்தபின் காரணம் விளங்கிற்று. பற்சக்கரங்களில் இட்டிருந்த கிரீஸ் முப்பது ஆண்டுகளில் இறுகி, பழைய மெழுகுபோல் பற்களைப் பூட்டிவிட்டிருந்தது. மோட்டார் சுழலும்போது அதுவே ஓர் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன்னுள் பாயும் மின்னோட்டத்தை அடக்கிக்கொள்ளும். சுழலாது நின்ற மோட்டாரிலோ அடக்குவாரின்றி மின்சாரம் பெருகும். சுருளின் கம்பி சூடேறிக் கருகும். நான் ஓட்டியிருந்தால் அந்த எஞ்சின் தேய்ந்திருக்கலாம், கருகியிராது. பாதுகாத்ததால் அதைக் கெடுத்தேன்.

பூட்டிவைத்த எஞ்சின்களுக்கு வரும் நோய்கள் இவ்வொன்றுதான் என்று எண்ணவேண்டா. வழுக்காதிருக்கச் சக்கரத்தில் பூட்டிய ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கின்றது. சக்கரங்களிலும் தண்டவாளத்திலும் கருமை படிந்து மின்சாரத்தைத் தடுக்கின்றது. பழங்காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் துத்தநாகக் கலவையால் வார்த்த அடிச்சட்டம் உண்டு. அக்கலவையில் ஈயம் முதலிய மாசு சிறிது கலந்திருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துபோம். அதற்கு மருந்தில்லை. மற்றவற்றிற்கு மருந்து எளியது: மாதம் ஒருமுறையாயினும் எடுத்துச் சில நிமிடம் ஓட்டுவது, துணியில் சாராயச் சத்துத் தோய்த்துச் சக்கரத்தைத் துடைப்பது, பழைய கிரீஸைக் கழுவிவிட்டுப் புதிதாக ஊசிமுனையளவு இடுவது.

கருகிய மோட்டாரை எங்கே கொண்டு செல்வது? எங்கள் தெருக்கோடியில், மிக்சி மோட்டாருக்கும் தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்கும் கம்பி சுற்றித்தரும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் கன்னடத்தவர், எல்லையூர்க்காரராதலின் தமிழும் தெலுங்கும் அவருக்குக் கைவந்தவை. என் உள்ளங்கையிலிருந்த சுண்டைக்காயளவு ஆர்மேச்சரைக் கண்டு, "தலைமயிரைக் கொண்டல்லவா சுற்றவேண்டும், பெரியவரே!" என்றார். எனினும் விட்டாரில்லை. கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே அவிழ்த்தார். அதே பருமனுள்ள கம்பியைத் தேடிப் பிடித்து, அதே எண்ணிக்கையில், மூன்று மாலை வேளைகளில் சுற்றி முடித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஓடும்போது தம்மை அழைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அழைத்தேன். அவரும் பேரனும் நானும் மூவராய் நின்று, அந்த எஞ்சின் ஐம்பதாண்டு வாழ்வில் முதன்முதலாக ஒரு முழுவட்டம் சுற்றி வருவதைக் கண்டோம்.

அன்றோடு நான் ஓட்டுபவன் ஆனேன். அடுத்தபடியாகப் பேரன் கேட்ட கேள்வி என்னை வேறொரு வேலையில் இழுத்துவிட்டது. "இது ஜெர்மன் வண்டி. நீங்கள் சிறுவயதில் ஏறின வண்டி எங்கே?" என்றான்.

நான் ஏறிய வண்டி சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே ஓடிய மீட்டர் பாதை மின்சார ரயில். 1931ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வேயார் 1,500 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் அதனைத் தொடங்கினர். 1960களில் அது 25,000 வோல்ட்டு மாறுமின்னோட்டத்திற்கு மாறிற்று. கம்பியும் விழுப்புரம் வரை நீண்டது. அப்பாதைக்கென்று ஜப்பானிலிருந்து 20 எஞ்சின்கள் வந்தன. ஒய்.ஏ.எம்.-1 என்பது அவற்றின் வகைப்பெயர். ரயில்வேயாரின் குறியீட்டில் ஒய் என்றால் மீட்டர் பாதை. ஏ என்றால் மாறுமின்னோட்டம். எம் என்றால் பயணிகளுக்கும் சரக்கிற்கும் பொதுவானது. நம் நாட்டில் மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடியது சென்னைப் பகுதி ஒன்றில்தான். அப்பகுதியும் அகலப்பாதையாயிற்று. 2004ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்தொடர் வண்டிகள் ஓய்ந்தன.

இவ்வண்டிகளின் சிற்றுருவத்தை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. ஆகவே செய்யத் துணிந்தோம். ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகின்றது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் பாதைகளாதலின், அவற்றின் சிற்றுருவத்திற்கென ஐரோப்பியர் 12 மில்லிமீட்டர் தண்டவாளமும் அடிச்சட்டமும் செய்கின்றனர். அந்தச் சுவிஸ் அடிச்சட்டத்தின்மேல் நம் தாம்பரத்து எஞ்சினின் உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி அமைத்தோம். சக்கரம் மலைநாட்டது, மேனி நம்முடையது.

வேலை தொடங்கிய பின்னரே என் நினைவின் வறுமை எனக்குத் தெரிந்தது. நாள்தோறும் கண்ட எஞ்சின் ஆயிற்றே என்று எண்ணியிருந்தேன். சன்னல்கள் எத்தனை? மணல் பெட்டி எங்கே? நிறக்கோடு சன்னலுக்கு மேலா, கீழா? ஒன்றிற்கும் விடையில்லை. தாம்பரத்தில் வாழும் பழைய நண்பரைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் ஒரு நிறம் சொன்னார், நான் ஒரு நிறம் நினைத்திருந்தேன். பழைய நிழற்படங்களைத் தேடிப் பிடித்தோம். இருவரும் தவறு என்று தெரிந்தது! நாம் விட்டு வந்த ஊரைப் பற்றி எவ்வளவோ உறுதியாகப் பேசுகின்றோம். அதனைக் கையால் செய்து பார்க்கும்போதுதான், நாம் எதைக் கண்டோம், எதைக் காணாமலே நினைத்துக்கொண்டோம் என்பது புலனாகின்றது.

எஞ்சின் முடிந்தது, நிலையங்கள் வேண்டுமே! ஒரு முனையில் தாம்பரம் என்று முடிவாயிற்று. மறுமுனையில், எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஆனேக்கல் ரோடு நிலையம் வேண்டும் என்றான் பேரன். ஓசூர் வழியாகப் பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் பாதை, மீட்டர் பாதையாயிருந்த காலத்தில் மின்சாரம் காணவில்லை. மின்சாரம் வந்தபோது அது அகலப்பாதை. ஆகவே ஒய்.ஏ.எம்.-1 அங்கே வந்திருக்க வழியே இல்லை. எனினும் வரலாறு இடங்கொடாததற்கு மேஜை இடங்கொடுக்கின்றது என்று இசைந்தேன்.

பெயர்ப்பலகை எழுதும்போது ஒரு செய்தி நிகழ்ந்தது. பேரன் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் கற்பவன். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. 'தாம்பரம்' என்ற சொல்லை அவன் கையாலேயே எழுதவேண்டும் என்றேன். தூரிகையைப் பிடித்துப் பழைய அட்டைகளில் இருபது முறை எழுதிப் பழகினான். மெய்யெழுத்துக்குப் புள்ளி எதற்கு என்று கேட்டு அறிந்தான். பின்னர் 'ஆனேக்கல் ரோடு' பலகையைக் கன்னடத்தில் எழுதும் முறை வந்தது. தூரிகையை என்னிடம் நீட்டி, "இது உங்கள் முறை, தாத்தா" என்றான். நான் விழித்தேன். நாற்பது ஆண்டுகள் இம்மண்ணின் சோற்றை உண்டு, சந்தையிலும் பட்டறையிலும் கன்னடம் பேசி வாழ்ந்தவன், அம்மொழியின் ஓர் எழுத்தையும் எழுதக் கற்றவனல்லேன். பேருந்துப் பலகையைக்கூட எண்ணை வைத்தே அறிந்து வந்திருக்கின்றேன். பேரனிடம் அதை ஒப்புக்கொள்ள வெட்கமாயிருந்தது. அவன் வெட்கப்படவில்லை, என் விரலைப் பிடித்து எழுதுவித்தான். அப்பலகையில் எழுத்துக் கோணலாகவே இருக்கின்றது. மாற்ற மனம் வரவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இத்துறையில் ஈடுபட விரும்பினால் முதலில் கண்ணுக்கு விருந்து தேடிக்கொள்ளலாம். புனே நகரில் வாழ்வோர்க்கு அங்குள்ள ஜோஷியின் சிற்றுருவ ரயில் காட்சிச்சாலை வாய்த்திருக்கின்றது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஈடுபாட்டால் உருவாக்கி, 1998இல் பொதுமக்களுக்குத் திறந்த சாலை அது. டில்லியில் வாழ்வோர் தேசிய ரயில் காட்சிச்சாலைக்குச் செல்லலாம். 1930ஆம் ஆண்டில் சென்னை மீட்டர் பாதைக்கென வந்த நான்கு மின்சார எஞ்சின்களுள் ஒன்று அங்கே நிற்கின்றது. நம்மூர் எஞ்சின் ஒன்று நம்மைப் போலவே வடக்கே சென்று குடியேறியிருப்பதைக் காண்பீர்கள். தொடங்குவோர்க்கு ஒரு வட்டத் தண்டவாளமும், ஓர் எஞ்சினும், இரண்டு பெட்டிகளும் போதும். வீட்டு 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்மாற்றி மட்டும் தரமானதாயிருக்கட்டும். அதைச் சிறுவர் திறவாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

விலையுயர்ந்த எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டிவைத்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். இன்றே எடுத்து மெல்லத் துடையுங்கள். பழைய கிரீஸைக் கழுவுங்கள். சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்த பின்னரே மின்சாரம் கொடுங்கள். பிறகு வீட்டிலுள்ள சிறுவர்களை அழைத்து, வேகக் குமிழை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு முறையேனும் தடம்புரளத்தான் செய்யும். என் மேஜையில் இதுவரை எத்தனை முறை புரண்டதென்று கணக்கில்லை. எடுத்து நிறுத்தினால் மறுபடியும் ஓடுகின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கம்பி சுற்றும் நண்பர் தம் மகளோடு எங்கள் மாடிக்கு வருகின்றார். அந்தப் பெண் தாம்பரம் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றாள். நான் ஆனேக்கல் ரோட்டைப் படிக்கின்றேன். வண்டி இரண்டிற்குமிடையே போய்வந்துகொண்டிருக்கின்றது.